அவளுடைய குரலுக்கு நான் செய்தது

அவள் நடித்த முதல் படத்தில் வாய் அவளுடையது, குரல் வேறொரு பெண்ணுடையது. அப்படி ஆனதற்கு நான்தான் காரணம். படத்தின் இயக்குநர்தான் அப்படிச் செய்துவிட்டார் என்று அவள் ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நினைப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் திருத்தவில்லை. "கொழும்பு ஆளுங்க அப்பிடித்தான் தங்கச்சி, விட்டுத்தள்ளு" என்று ஆறுதல்கூடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. எங்கள் தோட்டத்திலிருந்து போய் ஒன்பது படங்களில் நடித்தவளைப் பற்றி எழுதுங்கள் என்று என்னிடம் படித்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். அவள் நடிப்பைத் திரையில் பார்த்தவர்களில் கொஞ்சம் பேர்தான் மிச்சமிருக்கிறோம். எழுத எனக்கும் ஆசைதான். எழுதுவதென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டு அவளைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை.

வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லயத்தில் எங்கள் காம்பரா ஐந்தாவது, அவர்களுடையது ஆறாவது. நடுச்சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் அடுப்பு ஊதினால் இந்தப் பக்கம் கண் எரியும். அவள் பிறந்த அன்று அழுத அழுகையை நான் இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது எட்டு வயது. அவளுடைய அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவும் மகளும்தான். பதினான்கு வயதில் அவளும் கொழுந்து பறிக்கப் போனாள்.

அவள் குரலில் லேசான கரகரப்பு உண்டு. ஆனால் தூரம் போகும். மதியம் கொழுந்து நிறுக்கும் நேரமானால் கங்காணி அவளைத்தான் கூப்பிடச் சொல்வார். பாறை மேல் ஏறி நின்று, "நிறுக்க வாங்களேய்" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் மூன்று மலைக்கும் கேட்கும். பெண்கள் கூடையோடு இறங்கத் தொடங்கிவிடுவார்கள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போனேன். அங்கே முதல் நாள் சாப்பாட்டு மேசையில், "சோறு கொஞ்சம் போடுறீங்களா" என்று கேட்டேன். எதிரே இருந்தவர், "எந்தத் தோட்டம் ஐசே நீர்?" என்றார். மேசை முழுதும் சிரித்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவரே பிறகு எனக்கு நல்ல நண்பராகிவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். ஆறு மாதத்தில் வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசப் பழகிவிட்டேன். ஹட்டனில் வேலை கிடைத்து, விடுமுறைக்கு லயத்துக்கு வந்தபோது என் அம்மா, "என்னாடா, பிரசங்கம் பண்றவரு மாதிரி பேசுற?" என்று கேட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் விடுமுறையில் கொழும்பிலிருந்து படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் படங்கள் வருவது குறைந்திருந்தது. நம் நாட்டிலேயே தமிழ்ப் படம் எடுக்கச் சிலர் துணிந்திருந்தார்கள். கதை தோட்டத்துக் கதை. வசனம் எழுதியவர் தோட்டத்தையே பார்த்திராதவர். வசனத்தைச் சரிபார்க்கவும், நடிப்பவர்களுக்கு மறைவில் நின்று எடுத்துக்கொடுக்கவும் ஒருவர் வேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் கேட்டிருக்கிறார்கள். துரை என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

கதாநாயகி கொழும்புப் பெண். கொழுந்து பறிக்கும் காட்சிக்கு முதல் நாள் அவளைத் தேயிலைக்குள் நிறுத்தினார்கள். கைப்பிடியாகப் பிடித்து இழுத்தாள். பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த நம்மவள் பொறுக்க முடியாமல் சொன்னாள்:

"ஐயோ அக்கா, கீரை புடுங்குற மாதிரி புடுங்குறீங்களே. ரெண்டு எலை, ஒரு மொட்டு. கணக்கப்புள்ள பாத்தாருன்னா இன்னைக்கு உங்களுக்கு அரைநாள் சம்பளந்தான்."

இயக்குநர் சிரித்துவிட்டார். கேமராவைத் திருப்பி அவள் கையைப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் கதாநாயகியின் விரல்கள் என்று நீங்கள் பார்ப்பது அவளுடைய விரல்கள். முதலில் அவளுடைய கைகள் மட்டும்தான் நடித்தன.

இரண்டு நாள் கழித்து, கதாநாயகியின் தங்கையாக நடிக்க வந்த பெண்ணின் காலில் நான்கு அட்டைகள் ஏறிவிட்டன. அவள் போட்ட கூச்சலில் தேயிலை ஸ்டோரிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அன்று பின்னேர ரயிலில் அவள் போய்விட்டாள். இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்த அரைநாள் சம்பளக்காரி எங்கே?" என்று கேட்டார்.

அவள் அம்மாவிடம் பேச என்னைத்தான் அனுப்பினார்கள்.

"கூத்தாடப் போனவள எவன் கட்டுவான் தம்பி?" என்றார் அம்மா.

"கூத்து இல்ல சின்னம்மா. படம். நான் கூடவே இருப்பேன்."

"நீ இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்பச் சரி. வாத்தியாரு கூட இருந்தா எம் புள்ளைக்கு ஒண்ணும் வராது."

இந்த வார்த்தையை நான் மறந்ததில்லை.

நடிப்பு என்றால் என்ன என்று நான் புத்தகத்தில் படித்தவன், அவள் அப்படிப் படிக்காதவள். ஒரு காட்சி: தகப்பன் செத்த மறுநாள் காலை, தங்கைக்காரி வேலைக்குக் கிளம்ப வேண்டும். அழுதுகொண்டே கிளம்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. அவள் அழவில்லை. கொழுந்து பறிக்கையில் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கயிற்றால் முடிந்தாள். முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி முடிந்தாள். மறுபடியும் அவிழ்ந்தது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்து இழுத்து இறுக்கினாள். அவ்வளவுதான். இயக்குநர் நிறுத்தச் சொல்லவே மறந்துவிட்டார். சுற்றி நின்ற எங்கள் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படி இது தோன்றியது என்று கேட்டேன்.

"எங்கப்பா செத்த மறுநாளு எங்கம்மாவுக்குக் கையே ஓடல அண்ணே. நான் பாத்தேன்ல" என்றாள்.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் குரலைப் பதிவு செய்வதில்லை. பிறகு ஸ்டூடியோவில் படத்தைத் துண்டு துண்டாக ஓடவிட்டு, வாயசைவுக்கு ஏற்றபடி பேசிப் பதிவார்கள். மூன்று மாதம் கழித்து அவளையும் அம்மாவையும் நான் ரயிலில் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் தடுமாறினாள். இரண்டாம் நாள் பிடித்துக்கொண்டாள். ஒலிப்பதிவு செய்தவர் வயதான சிங்களவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, "ஹரிம லஸ்ஸனய்" என்றார். ரொம்ப அழகு என்று அர்த்தம்.

அன்று மத்தியானம் அம்மாவும் மகளும் வெளியே மரத்தடியில், கொண்டு வந்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நீங்க அந்தப் பக்கத்து ஆள். சொல்லுங்க. இந்தப் பிள்ளையோட பேச்சு இப்படியே இருக்கட்டுமா? எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா படம் யாழ்ப்பாணத்துல ஓடணும், மட்டக்களப்புல ஓடணும். சனம் சிரிக்குமா?"

அவர் உண்மையாகவே கேட்டார். நான், "மாற்ற வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் அப்படியே விட்டிருப்பார். எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. அவளுடைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் என்னையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள் என்று தோன்றியது. இத்தனை வருடம் நான் மூடி வைத்திருந்ததை அவள் எல்லா ஊர்க் கொட்டகையிலும் திறந்து காட்டிவிடுவாள் என்று பயந்தேன்.

"சிரிப்பார்கள். தோட்டத்துப் பேச்சு படத்துக்குச் சரிவராது. வேறு ஒருவரைப் பேச வையுங்கள்" என்றேன்.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வெளியே வந்து, "மிச்சத்தைப் பிறகு எடுப்பார்களாம்" என்று அவர்களிடம் பொய் சொல்லி, மறுநாள் காலை ரயிலேற்றிவிட்டேன். அம்மா ஜன்னல் வழியாக, "தம்பி, நீ இல்லாட்டி இதெல்லாம் ஏது" என்றார்.

அவளுக்குப் பதிலாகப் பேச வானொலி நாடகத்தில் நடிக்கும் அம்மா ஒருவர் வந்தார், யாழ்ப்பாணத்தவர். பேசுவதற்கு முன் அவள் பதிந்து வைத்ததைக் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், அந்தப் பிள்ளையின்ர குரல் நல்லாத்தானே கிடக்கு. பிறகேன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"தெளிவு போதாது."

"எனக்கு விளங்குதே" என்றார். பிறகு தன் வேலையைச் செய்தார். நன்றாகவே செய்தார்.

படம் ஹட்டனுக்கு வந்தபோது தோட்டமே லொறி பிடித்துப் போனது. அவள் நடுவில், புதுச் சேலை. பக்கத்தில் அம்மா. அவளுடைய விரல்கள் திரையில் வந்தபோதே விசில் பறந்தது. பிறகு முகம் வந்தது. வாய் திறந்தது.

அவள் அம்மா உரக்கவே கேட்டார்: "வாய் இவளோடது. சத்தம் யாரோடது?"

பைத்தியமா என்று சொல்லி அவரை அடக்கிவிட்டார்கள். பின் வரிசையிலிருந்து எங்கள் லயத்துப் பையன் ஒருவன் கத்தினான்: "ஏய், கொழும்புத் தண்ணி குடிச்சதும் நாக்கு பெரண்டுருச்சா?" கொட்டகை சிரித்தது. எங்கள் ஆட்கள்தான் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் சிரிப்பார்கள் என்று நான் பயந்தேன். எனக்குத் தெரிந்து அங்கே யாரும் சிரிக்கவில்லை.

குரலை மாற்றிப் போடலாம் என்பதே எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. வாய் அசைகிறது, சத்தம் வருகிறது. அப்படியென்றால் அவள்தான் பேசுகிறாள். அவள் தன் பேச்சை விட்டுவிட்டாள், தோட்டத்தை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேலைக்குப் போகுமுன் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் மறுநாளே தொடங்கிவிட்டது. அவள் வந்ததும் ஒருத்தி இன்னொருத்தியிடம், "அம்மணி, தாங்கள் எந்த நிரையில் பறிக்கப் போகிறீர்கள்?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். கணக்கப்பிள்ளையும் விடவில்லை: "ஸ்டாரு வந்துட்டாங்க, நாற்காலி போடுங்க."

"அது நான் பேசுனது இல்லங்க" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"ஆமா, உம் பேய் பேசுச்சு" என்றார்கள்.

பாறை மேல் ஏறி நிறுக்கக் கூப்பிடும் வேலையை அவள் விட்டுவிட்டாள். கங்காணி கேட்டதற்கு, "இனி வேற ஆள வச்சுக்குங்க" என்றாளாம். அதை என் அம்மா வந்து சொன்னபோது நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகும் அவளைத் தேடி வந்தார்கள். இன்னும் இரண்டு தமிழ்ப் படங்கள். "நல்லா நடிப்பா, குரல் மட்டும் சரிவராது" என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது என் வாயிலிருந்து புறப்பட்ட பேச்சு. இரண்டிலும் வேறு பெண்கள் அவளுக்காகப் பேசினார்கள். அவள் வாதாடவில்லை. ஒரு படத்தில் நகைச்சுவை நடிகரிடம் அடி வாங்கும் தோட்டத்துப் பைத்தியக்காரியாக நடிக்கச் சொன்னார்கள். காலையில் உடை மாற்றப் போனவள் அப்படியே கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். பின்னால் ஓடிப்போன தயாரிப்பாளரிடம், "அடி வாங்குறது எனக்குத் தெரியாதுங்க. பறிக்கத் தெரியும்" என்றாளாம். அந்தப் பாத்திரத்தையே மாற்றி எழுதினார்கள்.

சிங்களப் படங்கள் நான்கு வந்தன. அவற்றில்தான் வேடிக்கை. பீலிக்கரையில் தண்ணீர் எடுக்க வரும் கிராமத்துப் பெண்களோடு பழகிய சிங்களம்தான் அவளுக்குத் தெரியும். முதல் நாளே, "என் பேச்சு நல்லாயிருக்காது, வேற ஆளப் போட்டுக்குங்க" என்று தானாகவே சொல்லியிருக்கிறாள். அந்த இயக்குநர், "ஏன் நங்கி? ஒஹொம்ம கதா கரன்ன" என்றாராம். இப்படியே பேசு தங்கச்சி என்று அர்த்தம். ஆக, சிங்களத்தில் அவள் தன் குரலில் பேசினாள். தமிழில் பேசவில்லை. அவள் தானாகவே வேறு ஆளைப் போடச் சொன்னாள் என்று கேள்விப்பட்ட அன்றுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. அந்தச் சிங்களப் படத்தை ஹட்டனில் தனியாகப் போய்ப் பார்த்தேன். அந்தக் கரகரப்பைக் கேட்டதும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இருந்தும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடம் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு இளம் இயக்குநர் ஹட்டனில் என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்துக் கதை, நீங்கள்தான் வசனம் எழுத வேண்டும், அவள்தான் கதாநாயகி என்றார். தங்கை பாத்திரம் இல்லை, கதாநாயகி. எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அவளுடைய குரலிலேயே பதிய வேண்டும், இதற்குச் சம்மதமென்றால் எழுதுகிறேன் என்றேன். அவர் தயங்கினார். இரண்டு கிழமை கழித்துச் சம்மதித்துக் கடிதம் போட்டார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அவள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கூடைக் கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கினார். புதுப் படத்தைச் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு மற்றதையும் சொன்னேன். இயக்குநர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், ரயிலேற்றும்போது என்ன பொய் சொன்னேன், எல்லாம்.

அவள் ஊசியை நிறுத்தவில்லை. கயிறு முழுக்கத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நான் நல்லாப் பேசலையா அன்னைக்கு?"

"நல்லாப் பேசுன."

"பெறகு?"

"எனக்குப் பயமா இருந்துச்சு."

"என்னையப் பாத்தா?"

"இல்ல. என்னைப் பத்தி."

அம்மா சுளகைக் கீழே வைத்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, சத்தம் யாரோடதுன்னு. பைத்தியம்னீங்க எல்லாரும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவள் நிமிர்ந்தாள். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. சரி. என்னைய ஏழு வருசமாப் பேசுனது பெரட்டுக்களத்துல. அங்க வந்து சொல்லுங்க சார்."

அதற்கு முன் அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை. அண்ணே என்று கூப்பிடுவது அதோடு நின்றுபோனது.

மறுநாள் விடியக் காலை பெரட்டுக்களத்தில் நின்றேன். பனி. இருநூறு பேருக்கு மேல், கம்பளி போர்த்துக்கொண்டு. கணக்கப்பிள்ளையிடம் அனுமதி கேட்டேன். "என்னா மாஸ்டர், யூனியன் கூட்டமா?" என்றார். பெயர் கூப்பிடுவதற்கு முன் சொல்லி முடித்துவிடுகிறேன் என்றேன். கல்மேல் ஏறினேன். அவள் மூன்றாவது வரிசையில் தலையில் கூடையோடு நின்றாள். படத்தில் கேட்டது அவள் குரல் இல்லை, அவள் பேசிப் பதிந்ததை நான்தான் எடுத்துவிடச் சொன்னேன், நம்முடைய பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டேன், அவள் யாரையும் நினைத்து வெட்கப்படவில்லை, வெட்கப்பட்டவன் நான் என்று சொன்னேன். நன்றாகப் பழகிய சுத்தத் தமிழில் தொடங்கி, நடுவில் எப்படியோ அம்மாவிடம் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

கொட்டகையில் கத்தியவன் இப்போது மீசை வைத்த ஆள். தரையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு என் அம்மாவோடு வேலை செய்த கிழவி ஒருத்தி கேட்டார்:

"ஏன் தம்பி, எங்க பேச்சு அம்புட்டு அசிங்கமாவா இருக்கு?"

நான் கல்லிலிருந்து இறங்கினேன். கணக்கப்பிள்ளைதான், "சரி சரி, நேரமாகுது, நிரைக்குப் போங்க" என்று காப்பாற்றினார்.

படத்துக்கு நான் வசனம் எழுதினேன். என் பிராயச்சித்தம் அது என்று எண்ணி ராவும் பகலும் எழுதினேன். அவள் ஒவ்வொரு தாளாக வாங்கி வாசித்தாள்.

"இப்பிடி யாரு சார் பேசுவா?"

"நம்ம ஆளுங்கதான்."

"எந்த ஆளுங்க? 'எனது மனசு நோகுது'ன்னு எங்கம்மா எப்பச் சொன்னுச்சு? 'வயிறு காந்துது'ம்பாங்க, இல்லாட்டிப் பேசாம எந்திரிச்சுப் போயிருவாங்க."

பக்கம் பக்கமாக அடித்தாள். சில இடங்களில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நான் விட்ட பேச்சு என்னை விட்டுப் போயிருந்தது. ஸ்டூடியோவில் அவள் தாளையே பார்க்கவில்லை. திரையில் தன் முகத்தைப் பார்த்தாள், பேசினாள். இயக்குநர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று என் தோளைத் தட்டி, "என்ன வசனம் மாஸ்டர்!" என்றார். அது அவளுடையது என்றேன். தலைப்பில் அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். படத்தில் வசனம் என்று என் பெயர் மட்டும்தான் வந்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஹட்டனில் படம் வந்தது. அவள் வாய் திறந்ததும் கொட்டகை எழுந்து நின்றது. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை அவள். குழந்தையைத் திட்டுகிற ஒரு வரி: "அடேய், ஈரத்துல நிக்காத, சளி புடிச்சா ஒன்னையத் தூக்கிக்கிட்டு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுறது நான்?" அதற்கே சிரித்தார்கள், கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். உடப்புசல்லாவையிலிருந்து, கொத்மலையிலிருந்து எல்லாம் பஸ் ஏறி வந்து பார்த்தார்கள். வகுப்பில் எழுந்து பேசக் கூசுகிற என் மாணவி ஒருத்தி அவள் வரிகளை அப்படியே பேசிக் காட்டினாள். நான் அவளைத் திருத்தவில்லை. பெரட்டுக்களத்தில் யாரோ, "நிறுக்கக் கூப்பிட வா புள்ள" என்றார்களாம். அவள் போகவில்லை. அதற்கு வேறொரு பெண் பழகிவிட்டாள், அவள் பிழைப்பில் ஏன் கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு ஒரு தமிழ்ப் படம். அதிலும் அவள் குரல். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அந்த இரண்டு படங்களின் பெட்டிகளும் எரிந்துபோயின. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்கிறார்கள். தமிழ்ப் படம் எடுப்பதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. நான் செய்ய முயன்றது அத்தோடு சாம்பலாகிவிட்டது என்று நினைத்தேன். அவளைப் பார்க்கப் போனபோது அதைச் சொன்னேன். "படந்தான சார் எரிஞ்சது. ஆளு இருக்கேன்ல" என்றாள். தேத்தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் கொத்மலைப் பக்கம் ஒரு சிங்களத் தொலைக்காட்சி நாடகம் எடுத்தார்கள். தோட்டத்துத் தாயாக அவள். அந்தத் தாய் வீட்டுக்குள் தமிழ்தான் பேசுவாள். தமிழ் வசனத்துக்கு யாரைப் பிடிப்பது என்று அவர்கள் கேட்டபோது, யாரும் வேண்டாம், கதையைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இதை அந்த நாடகத்தில் வேலை செய்த என் பழைய மாணவன் சொன்னான்.

ஹட்டனில் பக்கத்து வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. அவர்கள் தமிழும் பேசத் தெரிந்த சிங்களக் குடும்பம். ஒவ்வொரு கிழமையும் போய் உட்கார்ந்தேன். நாடகத்தில் ஒரு நாள், மகன் தாயிடம் கொழும்புக்குப் போவதாகச் சொல்கிறான். அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுகிறாள். பிறகு அந்தக் கரகரத்த குரலில், "போயிட்டு வா. போற எடத்துல உன்னைய எந்த ஊருன்னு கேட்டா, வாய் நெறைய சொல்லு" என்கிறாள். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. பக்கத்து வீட்டு அம்மா என் பக்கம் திரும்பி, "இவங்க உங்க ஊரா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"எங்க தோட்டந்தாங்க. பக்கத்துக் காம்பரா" என்றேன்.

அந்த நாடகத்தில் ஒரு வரியும் நான் எழுதியதல்ல.